எட்டு மணி நேர நாடகம்... எண்பது பிளேட்டு! தெரியுமா?

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களிடம் ‘வள்ளி திருமணம்’ என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் கல்யாணத்தை நினைக்க மாட்டார்கள், நாடகத்தைத்தான் நினைப்பார்கள்! பொங்கல் சாட்டி, காப்புக் கட்டி, முளைப்பாரி போய், கடைசியில் ஒரு ராத்திரி நாடகம். 10 மணிக்கு ஆர்மோனியப் பெட்டியில் முதல் சுரம் கிளம்பினால், முருகன் வள்ளியைக் கைப்பிடிக்கும்போது கிழக்கே வெளுத்திருக்கும்!

சரி, இந்த நாடகமேடைப் பாட்டுகளும் வசனங்களும் 90 வருஷத்துக்கு முன்னாலேயே கிராமபோன் பிளேட்டில் ஏறி, வீடு வீடாகப் போனது தெரியுமா? அதற்குக் கடைக்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘டிராமா செட்’! ஒரு பெட்டிக்குள் நாலைந்து பிளேட்டு, சிலவற்றில் அதற்கும் மேல். பிளேட்டை வரிசையாகப் போட்டால் ராஜா வருவார், ராணி அழுவார், பபூன் சிரிக்க வைப்பார், கதை முடிந்துவிடும்!

இன்றைக்கு அந்தப் பெட்டிகள் எங்கே? அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரணில் கிடக்கின்றன. பல வீடுகளில் அது என்னவென்றே தெரியாமல் கிடக்கின்றன! அதனால்தான் இந்த ஆச்சரிய மூட்டை. அவிழ்க்கலாமா?

★

முதலில் ஒரு கணக்கு. மனசை திடப்படுத்திக்கொள்ளுங்கள்!

பழைய 10 அங்குலப் பிளேட்டில் ஒரு பக்கம் எவ்வளவு நேரம் பாடும்? சுமார் 3 நிமிஷம். அவ்வளவுதான்! ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை நாடகம் என்றால் 480 நிமிஷம். மூன்றால் வகுத்தால் 160 பக்கம். அதாவது 80 பிளேட்டு!

ஒரு பிளேட்டு 200 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 கிலோ நாடகம்! தலைச்சுமையாகத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்!

இன்னும் கேளுங்கள். பிளேட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் ஊசி ஓடும் பள்ளத்தை நூல் மாதிரி பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 125 மீட்டர் வரும். 160 பக்கத்துக்கு? 20 கிலோமீட்டர்! தேனியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே போனால், போடி வந்த பிறகும் கையில் நூல் மிச்சமிருக்கும்!

சும்மாவா! ஆனால் அந்த 80 பிளேட்டை எந்தக் கம்பெனியும் போடவில்லை. யார் வாங்குவது? எட்டு மணி நேரத்தை அரை மணி, முக்கால் மணியாகச் சுண்டக் காய்ச்சி ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். நாரதர் வருகை ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம், கல்யாணம் ஒரு பக்கம். நடுவில் ஒரு பாட்டு முழுசாக வந்தால் அதிர்ஷ்டம்!

★

இதில் அநியாயம் எது தெரியுமா? வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கம்!

‘ஸ்பெஷல் நாடகம்’ என்று நாம் சொல்லும் இந்த ராத்திரி நாடகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாரதர் ஒரு கேள்வி போடுவார், வள்ளி மடக்குவார். புராணம், இலக்கணம், ஊர் நியாயம், குடும்பச் சண்டை எல்லாம் வரும். நல்ல ஜோடி மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் போகும்! எழுதிவைத்த வசனம் பாதி, அந்த நிமிஷம் வாயில் வருவது பாதி. இன்று சின்னமனூரில் கேட்டது நாளை உத்தமபாளையத்தில் வராது!

அதைப் போய் 3 நிமிஷத்தில் அடைத்தால்? ஆனாலும் ஒன்று. அந்த 3 நிமிஷம் மட்டும்தான் நமக்கு மிஞ்சியது! மற்றதெல்லாம் அந்தந்த ராத்திரியோடு காற்றில் போனது.

★

‘ஸ்பெஷல்’ நாடகத்தில் என்ன ஸ்பெஷல் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒத்திகையே கிடையாது! ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கி, தனித்தனியாக பஸ் ஏறி, சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்! அப்புறம் விடிய விடிய ஒன்றாக நடிப்பார்கள்!

எப்படி முடிகிறது? எல்லோர் மனசிலும் ஒரே புத்தகம். அதை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள்! 1867-இல் தூத்துக்குடியில் பிறந்தார், 1922-இல் மறைந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள். அதில் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்பார்கள். ஒரே ராத்திரி! பாட்டும் வசனமுமாக!

மனிதர் முதலில் நடிகராகத்தான் இருந்தார். எமன், சனீஸ்வரன் வேஷம் என்றால் அவர்தான். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்து ஒரு பெண் பயந்துபோய் விபரீதமாகிவிட்டதாம். அன்றோடு வேஷம் கட்டுவதை விட்டார் என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த பயம் நமக்கு லாபமாகிவிட்டது, பேனாவைப் பிடித்துக்கொண்டாரே!

1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கினார். தேனி அப்போது மதுரை ஜில்லா! (தனி மாவட்டம் ஆனதே 1996-இல்தான்.) அவர் மறைந்த மறு வருஷமே, 1923-இல், மதுரையில் நாடக நடிகர் சங்கம் எழுந்தது. நூறு வயசைத் தாண்டிய சங்கம்! நம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு நாடகம் பேச இன்றும் மதுரைக்குத்தான் ஓடுகிறார்கள்.

★

சினிமாவில் ஒரு காட்சிகூட நடிக்காத சூப்பர் ஸ்டார் யார் தெரியுமா?

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா! 1906-இல் பிறந்தார். 1933 டிசம்பரில் போய்விட்டார். வயசு 27! தமிழில் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ வந்தது 1931 அக்டோபர் 31. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தும் ஒரு படத்திலும் இவர் முகம் பதியவில்லை.

அப்படியானால் அவர் பாடியது நமக்கு எப்படித் தெரியும்? பிளேட்டு! பிளேட்டு மட்டும்தான்! மைக் இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவன் எழுந்து உட்காரும்படி பாடிய குரல் அது. பழைய பிளேட்டின் கரகரப்பையும் கிழித்துக்கொண்டு இன்றும் மேலே ஏறுகிறது. ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், கழுத்துப் பக்கம் ஜிவ்வென்று வரும்!

இன்னொரு வேடிக்கை! முதல் பேசும்படமான ‘காளிதாஸி’ன் பிலிம் சுருள் இன்று எங்கும் இல்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் தீப்பெட்டிக்குத் தம்பி, சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆனால் கீழே போட்டால் அப்பளமாய் நொறுங்கும் பிளேட்டு 90 வருஷம் தாண்டி நிற்கிறது! யார் எதிர்பார்த்தது?

★

கிட்டப்பாவோடு மேடையில் சரிக்குச் சரி நின்றவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். இருவரும் 1926-இல் முதலில் ஜோடி சேர்ந்தது எங்கே தெரியுமா? இலங்கையில்! எந்த நாடகம்? வேறென்ன, ‘வள்ளி திருமணம்’தான்! மறு வருஷம் நிஜத் திருமணமும் ஆயிற்று!

கிட்டப்பா போனபோது சுந்தராம்பாளுக்கு வயசு 25. அன்று கட்டிய வெள்ளைப் புடவையைக் கடைசி வரை மாற்றவில்லை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 1935-இல் ‘நந்தனார்’ படத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு லட்ச ரூபாய் கேட்டார். கொடுத்தார்கள்! 1935-இல் லட்சம்! படத்தில் அவருக்கு என்ன வேஷம்? நந்தனாரே அவர்தான், ஆண் வேஷம்!

1951-இல் மேலவைக்குள் போனார். இந்தியாவில் சட்டமன்ற அவை ஒன்றுக்குள் நுழைந்த முதல் சினிமாக் கலைஞர்! அப்படியானால் மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்த முதல் சினிமா நடிகர் யார்? கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், தேனிக்காரர்களே! 1962-இல் உங்கள் தொகுதிதான் அனுப்பிவைத்தது. எஸ்.எஸ். ராஜேந்திரன்! சேடப்பட்டியில் பிறந்து நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்.

★

மேடையிலேயே உயிர்விட்ட முருகனைத் தெரியுமா?

சிவகாசி எஸ்.எஸ். விஸ்வநாததாஸ். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கை விரட்டுகிற சாக்கில் வெள்ளைக்காரனை விரட்டுவார்! கொட்டகையே எழுந்து நிற்கும். போலீஸும் எழுந்து நிற்கும்! 29 தடவை கைது என்று சொல்கிறார்கள். 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர். மயில் மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. அப்படியே முருகக் கோலத்தில்!

★

பிளேட்டு எதனால் செய்தது? பிளாஸ்டிக் என்பீர்கள். இல்லவே இல்லை! பூச்சி! மரக்கிளையில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி கசியவிடும் பிசின்தான் அடிப்படை. கூடக் கல்மாவும் கருப்புக் கரியும். உலகம் பூராவும் பாடிய பிளேட்டுக்கு அரக்கு பெரும்பாலும் நம் இந்தியக் காடுகளிலிருந்து போயிற்று. அமெரிக்காக்காரன் கேட்ட ஜாஸும் நம்மூர்ப் பூச்சி போட்ட பிச்சை!

கல்மாவு எதற்கு? இதுதான் மூளை! முதல் சில சுற்றிலேயே ஊசி முனையை அது அரைத்து, பள்ளத்துக்கு ஏற்ற வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் எஃகு ஊசி ஒரு பக்கம் பாடினாலே தேய்ந்து போகும். பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்ற வேண்டும்! நம் 80 பிளேட்டு நாடகத்துக்கு எத்தனை ஊசி? 160! வாங்கித் தருவதற்குள் மாமனார் ஓடிப்போயிருப்பார்!

ஒரு பிளேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக, குளிர்ச்சியாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் பள்ளங்கள் பளபளக்கும். பாட்டு உரக்கப் போகிற இடத்தில் கோடு நெளிந்து நெளிந்து ஓடும், மெதுவான இடத்தில் வழவழவென்று இருக்கும். சில பிளேட்டில் ஆரம்பத்தில் மட்டும் ஒரு சாம்பல் பட்டை. ஏன் தெரியுமா? யாரோ அந்த முதல் அடியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்! தேய்ந்த இடம்தான் பிடித்த இடம்!

★

இந்தியாவில் முதல் பிளேட்டு ரெக்கார்டிங் எப்போது? 1902 நவம்பர், கல்கத்தா. அப்போது பாடியவர்களில் ஒருவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வார். பெருமைக்கா? இல்லை! பிளேட்டு அச்சாவது ஜெர்மனியில். யார் பாட்டு என்று அங்கே இருப்பவனுக்குத் தெரிய வேண்டாமா! இங்கே பாடி, கப்பலில் போய், அச்சாகி, மறுபடி கப்பலில் வந்து... 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகுதான் அந்தக் கடல் யாத்திரை ஓய்ந்தது.

★

அமெரிக்காவில் மேடை இசை நாடகத்தை நடித்தவர்களையே பாடவைத்து ஆல்பமாகப் போடும் பழக்கம் 1943-இல் ‘ஓக்லஹோமா!’விலிருந்துதான் வேர்பிடித்தது என்பார்கள். 6 பிளேட்டு, 12 பக்கம்! உலகமே கொண்டாடியது. அட, நம்மவர்கள் டிராமா செட்டை 1930-களிலேயே கடையில் அடுக்கிவிட்டார்கள் சாமி! மேடையில் நடித்த அதே ஜோடிதான் எல்லா செட்டிலும் பாடியது என்று சொல்ல முடியாது. கம்பெனிக்காரர்கள் கைக்குக் கிடைத்த நாடகக் குரல்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் பல வருஷம் முந்தி!

அங்கே இன்னொரு கூத்து. நியூயார்க்கில் 1964-இல் ‘எனிஒன் கேன் விசில்’ என்று ஒரு இசை நாடகம். எத்தனை காட்சி ஓடியது? 9! அவ்வளவுதான், திரை விழுந்தது. மறுநாள் என்ன செய்தார்கள்? எல்லோரையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள்! ஊத்திக்கொண்ட நாடகத்துக்கு ஆல்பம்! இன்று அந்த நாடகத்துக்கு ரசிகர்கள் இருப்பதே அந்தப் பிளேட்டால்தான். 9 காட்சிக் கூத்துக்கே இவ்வளவு மரியாதை என்றால், நூறு வருஷமாக ஓடும் நம் நாடகத்துக்கு எவ்வளவு வேண்டும்?

★

1942-ஐ மட்டும் மறக்காதீர்கள்! உலகப் போர். பிளேட்டுக்கான அரக்கில் 70 சதவீதத்தை அமெரிக்கா ஒரே உத்தரவில் வெட்டியது. பழைய பிளேட்டுகளைக் கூடை கூடையாக வாங்கி அரைத்துப் புதுப் பிளேட்டு போட்டார்கள். எத்தனை குரல்கள் அந்த அரவையில் போனதோ!

அதே 1942-இல் நம் பக்கம் என்ன நடந்தது? 1928-இல் வந்த மதுரை–போடி ரயில் பாதையின் தண்டவாளத்தையே போருக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்! திரும்பப் போட 1950-கள் ஆயிற்று. ஒரே வருஷம், ஒரே போர். அங்கே பிளேட்டுக்குத் தட்டுப்பாடு, இங்கே நாடகக்காரர்கள் வந்து இறங்கும் ரயிலுக்கே தட்டுப்பாடு!

★

ஆர்மோனியம் இல்லாத ஸ்பெஷல் நாடகம் உண்டா? கிடையாது! ஆனால் அதே ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் தள்ளிவைத்தது தெரியுமா? ‘நம் இசையின் கமகத்துக்கு ஒத்துவராத பெட்டி’ என்று தடை! 30 வருஷம்! ரேடியோ பெட்டிக்குள் ஆர்மோனியப் பெட்டிக்கு இடமில்லை. நம் ஊர்க் கொட்டகைக்காரர்கள் கேட்டார்களா? போய்யா என்று விடிய விடிய வாசித்தார்கள்!

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பியவர்களைச் சொல்ல வேண்டுமா? அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரி மேடையில் பதின்ம வயசில் ஏறிய இளையராஜா! 1958 தேவிகுளம் இடைத்தேர்தல், மலைமேல் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாவலர் பாட்டு. ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டிலேயே கட்சிப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். வாய்க்கு வாய் பரவ வேறென்ன வேண்டும்? சுகாதார ஆய்வாளர் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட அல்லிநகரத்துக்காரர் ஒருவர் அந்தச் சகோதரர்களோடு சேர்ந்தார். பாரதிராஜா! இந்த மண்ணில் சினிமாவுக்கு முன்னால் மேடை!

★

கடைசி ஆச்சரியம், கொஞ்சம் கவலையோடு.

இந்தப் பழைய பிளேட்டுக் குரல்களில் சில மீண்டும் கேட்கக் கிடைக்கின்றன, தெரியுமா? பெங்களூரில் விக்ரம் சம்பத் தொடங்கிய ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக், கிராமபோன் காலத்துக் குரல்களைக் கணினியில் ஏற்றி, எவரும் காசில்லாமல் கேட்கும்படி வைத்திருக்கிறது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்! கொட்டகை வாசலில் விற்ற சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள்கூட அங்கே பத்திரம். பிளேட்டில் கரகரத்து விழுங்கிப்போன வார்த்தையை அந்தப் புத்தகத்தில் தேடிப் பிடிக்கலாம்!

ஆனால் டிராமா செட்டில் ஒரு வில்லங்கம். ஐந்து பிளேட்டில் மூன்றாவது உடைந்தால் கதையே உடைந்தது! ராணி அழ ஆரம்பிப்பார், ஏன் அழுதார் என்பது காணாமல் போன பிளேட்டில் இருக்கும். ஒரு செட்டின் முதல் பாதி மதுரையிலும் மீதி கூடலூர்ப் பரணிலும் கிடக்கலாம். யார் கண்டது?

உங்கள் தாத்தா வீட்டில் கிராமபோன் இருந்ததா? கல்யாண வீட்டில் குழாய் கட்டி ரேடியோ செட் போட்ட குடும்பமா? பரணில் ஏறுங்கள்! கனமான கருப்புப் பிளேட்டு கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிறுத்திவையுங்கள். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பளம்போல வளைந்துவிடும். மெத்தென்ற உலர்ந்த துணியால் பள்ளம் போகிற திசையிலேயே துடையுங்கள். லேபிளில் இருக்கும் பெயரையும் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பளபளக்கட்டுமே என்று ஸ்பிரிட் மட்டும் போட்டுவிடாதீர்கள்! மரச்சாமானுக்கு பாலிஷ் போட ஆசாரி அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே! கிட்டப்பா உங்கள் கண்ணெதிரே கரைந்து போவார்!